இரவில் எழுப்பிவிட ஒரு துணை: எலைன் மெக்டொனால்ட் வழக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

ஸ்காட்டிஷ் பாலே குழுவின் முதன்மை நடனமணியாக விளங்கிய எலைன் மெக்டொனால்டுக்கு 1999 செப்டம்பரில் பக்கவாதம் ஏற்பட்டது. அதன்பின் அவருடைய நடமாட்டம் மிகவும் குறுகிப்போனது. நரம்புப் பாதிப்பினால் சிறுநீர்ப்பையின் கொள்ளளவும் குறைந்திருந்தது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. சிறுநீர் வரப்போவதை அவர் உணர்ந்தார், அடக்கிக்கொள்ளவும் அவரால் முடிந்தது. முடியாமல் போனது ஒன்றுதான்: துணையின்றிப் படுக்கையை விட்டு எழுந்து, படுக்கையருகே வைக்கும் கழிப்பிட நாற்காலியான கமோடு நாற்காலியில் பத்திரமாக அமர்வது.

லண்டனின் கென்சிங்டன் அண்ட் செல்சீ உள்ளாட்சி மன்றம் அவருக்கு இரவுத் துணைக்கான செலவை ஏற்று வந்தது. பின்னர் அந்தத் துணையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக டயப்பரும் நீரை உறிஞ்சும் படுக்கை விரிப்பும் தருவதென முடிவெடுத்தது. இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 பவுண்டு மிச்சமாகும் என்பது கணக்கு. தம்மிடம் இல்லாத ஒரு கோளாறு இருப்பதாக வைத்துக்கொண்டு தம்மை நடத்துவது பொறுத்துக்கொள்ள முடியாத அவமதிப்பு என்று மெக்டொனால்ட் மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வழியாக, 2014-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை இந்த வழக்கு சென்றது.

மெக்டொனால்ட் தம் சொந்த வீட்டில் வாழ்ந்தவர். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் இல்லங்களில் தனிப்பட்ட உடல் பராமரிப்பின்போது கண்ணியம் எங்கே தவறிப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை. இல்லங்களில் இதே முடிவு, வழக்கறிஞரும் இல்லாமல், எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல், இரவுப் பணியில் இருக்கும் இரண்டு பேரின் களைப்புக்கு நடுவே எடுக்கப்பட்டுவிடுகிறது. இந்த வழக்கிலோ ஒவ்வொரு படியும் ஆவணமாகியிருக்கிறது. ஒருவருடைய தேவை எந்தக் கணத்தில் வேறொன்றாக மாற்றி எழுதப்படுகிறது என்பதை அந்த ஆவணங்கள் காட்டுகின்றன. கடுஞ்சொல்லும் முரட்டுக் கையும் கண்ணியத்தைக் கெடுப்பது உண்மையே. ஆனால் பெரும்பாலான இல்லங்களில் அதற்கு முன்பே, தேவையை மாற்றி எழுதும் அந்த இடத்திலேயே கேடு தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

விழுந்ததும் அதன் பின்னும்

2006 ஏப்ரலில் மெக்டொனால்ட் பலமாக விழுந்தார். இடுப்பெலும்பு பல இடங்களில் முறிந்தது; நான்கு மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பிய பின் மேலும் இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. இரவில் தனியே எழுவது அவருக்கு உயிராபத்து என்பதில் இருதரப்பிலும் யாருக்கும் ஐயமில்லை. உள்ளாட்சி மன்றத்தின் சமூகப் பணியாளர்கள் அவருடைய தேவைகளை மதிப்பிட்டபோது, இரவில் கமோடு நாற்காலியைப் பயன்படுத்த உதவி வேண்டும் என்றே பதிந்தார்கள்.

அந்தப் பதிவுக்குச் சட்டத்தில் எடை இருந்தது. இங்கிலாந்தில் அன்று நடைமுறையில் இருந்த 1970-ஆம் ஆண்டின் நாட்பட்ட நோயாளிகள் மற்றும் ஊனமுற்றோர் சட்டத்தின்படி, தேவை இருப்பதாக உள்ளாட்சி மன்றம் ஏற்றுக்கொண்டால், அதை நிறைவேற்ற வேண்டிய கடமையும் அதற்கு வந்துவிடும். 1997-இல் குளோஸ்டர்ஷயர் வழக்கில், அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தது. ஒருவருக்கு என்ன தேவை என்று மதிப்பிடும்போது உள்ளாட்சி மன்றம் தன் நிதி நிலையையும் கருதலாம். ஆனால் தேவை என்று பதிந்துவிட்ட பிறகு பணமில்லை என்று சொல்லி அதை நிறைவேற்றாமல் இருக்க முடியாது. ஆகவே ‘கமோடு நாற்காலியைப் பயன்படுத்த உதவி’ என்று ஏட்டில் இருக்கும்வரை டயப்பர் அந்தத் தேவைக்கான விடையாகாது. தேவையை ‘இரவில் பாதுகாப்பாகச் சிறுநீர் கழிக்க ஏற்பாடு’ என்று பொதுவாக எழுதிவிட்டால், டயப்பரும் ஒரு விடையாகிவிடும்.

உள்ளாட்சி மன்றம் அந்த வழியில்தான் சென்றது. 2008 நவம்பர் 21 அன்று இரவுத் துணைக்கான தொகையைக் குறைக்கும் முடிவு வந்தது. ஏட்டில் இருந்த தேவையோ அப்போதும் மாற்றப்படாமலே இருந்தது. 2009 நவம்பர் 4 அன்றும் 2010 ஏப்ரல் 15 அன்றும் நடந்த பராமரிப்புத் திட்ட மறுஆய்வுகளில்தான், டயப்பரால் நிறைவேறக்கூடிய வகையில் அந்தத் தேவை விரிவாக்கி எழுதப்பட்டது.

செலவைக் குறைப்பது மட்டும் உள்ளாட்சி மன்றத்தின் வாதமாக இருந்திருந்தால் அதை வேறு வகையில் எடைபோடலாம். ஆனால் டயப்பர் அவருக்குப் பாதுகாப்பு என்று அது வாதிட்டது; கமோடுக்கு எழும்போது விழும் அபாயம் இராது என்றது. அத்துடன் நிற்காமல், இரவில் வீட்டில் வேறொருவர் இருக்கத் தேவையில்லாததால் அவருக்குத் தனிமையும், அதாவது பிறர் குறுக்கிடாத அந்தரங்கமும், தற்சார்பும் கூடும் என்றும் சொன்னது. இந்த வாதத்தைப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் நின்று கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தனிமை, தற்சார்பு, பாதுகாப்பு என்ற மூன்றும் கண்ணியத்தைக் காப்பதற்காகப் பராமரிப்பு விதிகளில் எழுதப்பட்ட சொற்கள். தம் சிறுநீரில் காலைவரை படுத்திருக்க விரும்பாத ஒரு பெண்மணியின் மறுப்பை முறியடிக்க அவையே பயன்பட்டன. யாருடைய தனிமை, எது தற்சார்பு என்பதை அந்தப் பெண்மணியிடம் கேட்காமல் முடிவுசெய்தால், நல்ல சொற்களும் அவருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

2009-இல் உயர் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். 2010 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு பகுதியாகத் தீர்ப்பளித்தது: தேவையை மாற்றி எழுதாமலே உதவியைக் குறைத்ததால், 2008 நவம்பர் 21 முதல் 2009 நவம்பர் 4 வரை உள்ளாட்சி மன்றம் தன் சட்டக் கடமையை மீறியிருந்தது, மறுஆய்வுக்குப் பின் மீறல் இல்லை. மெக்டொனால்ட் உச்ச நீதிமன்றம் சென்றார். முதியோர் நலனுக்காகப் பணியாற்றும் ஏஜ் யூகே அமைப்பும் அவ்வழக்கில் இணைந்துகொண்டது.

2011 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரவுன் பிரபு எழுதிய முதன்மைத் தீர்ப்பை வாக்கர், கெர், டைசன் ஆகியோர் ஏற்றனர். மறுஆய்வு ஆவணங்களைத் தேவையின் மறுமதிப்பீடாகவும் படிக்கலாம், சமூகப் பணியாளர்கள் எழுதும் குறிப்புகளைச் சட்டப்பிரிவைப் படிப்பதுபோல் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கக் கூடாது, உள்ளாட்சி மன்றம் அவருடன் நெடுங்காலம் பேசியும் கலந்தும்தான் முடிவுக்கு வந்தது, வரையறுக்கப்பட்ட நிதியைப் பலருக்கும் பகிர வேண்டியிருக்கிறது என்பன பெரும்பான்மையின் காரணங்கள். ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாடு என்ற வாதமும் ஏற்கப்படவில்லை.

பெரும்பான்மை நீதிபதிகள் இரக்கமற்றவர்கள் அல்லர். மெக்டொனால்டின் வருத்தத்தை அவர்கள் புரிந்துகொண்டே எழுதினார்கள். ஒருவருக்கு இரவுத் துணை தரும் தொகை இன்னும் சிலருக்குப் பகல் உதவியாகலாம் என்ற கவலையும் பொய்யானதன்று.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் லேடி ஹேல். அன்று உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி அவர். 2017-இல் அதன் தலைவரானவர். கழிவறைக்கோ கமோடு நாற்காலிக்கோ செல்ல உதவி வேண்டியிருப்பதும், தன் கட்டுப்பாட்டில் இல்லாத உடற்செயலிலிருந்து பாதுகாப்பு வேண்டியிருப்பதும் வேறு வேறு தேவைகள். ஒன்றை மற்றொன்றாகக் குழப்பி, ஒன்றுக்குரிய ஏற்பாட்டை மற்றொன்றுக்குத் தருவது அறிவுக்கு ஒவ்வாதது என்பது அவருடைய வாதம். இதில் உணர்ச்சிக்கு இடமே இல்லை, முழுக்கவும் தர்க்கம். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி தருவதற்குப் பதில், நடக்கவே தேவையில்லாதபடி உணவைப் படுக்கைக்கே கொண்டுவந்து தருகிறோம் என்பது எப்படி விடையாகாதோ, அப்படியே இதுவும்.

அடுத்து ஹேல் அந்தத் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். சிறுநீருக்கு டயப்பர் போதுமென்றால், இரவில் மலம் கழிக்க வேண்டியவருக்கும் உதவியை நிறுத்திவிட்டு, காலையில் ஆள் வரும்வரை அதிலேயே கிடக்கவிடலாம். இரவுக்குப் பொருந்தும் தர்க்கம் பகலுக்கும் பொருந்தும். தொற்றும் தோல் புண்ணும் வராமல் இருக்க எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது மட்டுமே அப்போது வரம்பாக எஞ்சும். நினைத்துப் பார்க்கவே இயலாத விளைவு அது என்று அவர் எழுதினார். வாக்கர் பிரபு இந்தப் பகுதியைத் தாம் முற்றிலும் மறுப்பதாகவும், பெரும்பான்மைத் தீர்ப்புக்கு அப்படியொரு பொருள் கற்பித்ததற்கு வருந்துவதாகவும் தம் தீர்ப்பிலேயே கடுமையாகக் குறிப்பிட்டார்.

ஹேல் மிகைப்படுத்தினாரா? அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் வெளிவந்துகொண்டிருந்த வேறொரு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 2005 முதல் 2009 வரை ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நடந்தவற்றை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ், 2010-லும் 2013-லும் அறிக்கைகள் அளித்தார். கழிவறைக்கு அழைத்துச் செல்லும்படி திரும்பத் திரும்பக் கேட்டும் யாரும் வராமல், அழுக்கான விரிப்பிலேயே நெடுநேரம் கிடந்த முதிய நோயாளிகளின் நிலையை அந்த அறிக்கைகள் பதிவுசெய்தன. அது மருத்துவமனை, அங்கு நடந்தது புறக்கணிப்பு, மெக்டொனால்டுக்கு முன்வைக்கப்பட்டதோ எழுத்துப்பூர்வமான திட்டம் என்ற வேறுபாடுகள் உண்டு. ஆனால் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஈரம்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்

2014 மே 20 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தனிவாழ்வுக்கு மதிப்பளிக்கும் உரிமையைப் பேசும் 8-ஆம் பிரிவு இங்கு பொருந்தும் என்று அது ஏற்றுக்கொண்டது. மனித கண்ணியமும் மனித சுதந்திரமும் அந்த உடன்படிக்கையின் சாரம் என்று, தீராத நோயுற்று இறப்பதற்கு உதவி கோரிய டயான் பிரிட்டியின் வழக்கில் 2002-இல் தான் சொன்னதை நினைவுபடுத்தியது. தன்னைப் பற்றியும் தன் அடையாளத்தைப் பற்றியும் ஒருவர் உறுதியாகக் கொண்டிருக்கும் எண்ணத்துக்கு முரணான வாழ்வு மெக்டொனால்டின் முன் வைக்கப்பட்டது என்பதையும் ஒப்புக்கொண்டது.

இறுதி விடை, மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்ட கோட்டின்மீதே நின்றது. 2008 நவம்பர் 21 முதல் 2009 நவம்பர் 4 வரை உள்நாட்டுச் சட்டமே மீறப்பட்டிருந்ததால், அந்த ஏறத்தாழ ஓராண்டுக்கு உரிமை மீறல்; அதற்குப் பிந்திய காலத்துக்கு, நிதிப் பகிர்வில் அரசுக்கு உள்ள பரந்த உரிமையைக் கருதி, முறையீடு ஏற்கப்படவில்லை. இழப்பீடாக 1,000 யூரோவும் வழக்குச் செலவுக்கு 9,500 யூரோவும் வழங்கப்பட்டன.

மீறல் நடந்த காலம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கவனித்தால் வழக்கின் அடிநாதம் விளங்கும். அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் மெக்டொனால்டின் உடல்நிலை மாறவில்லை, சிறுநீர்ப்பை மாறவில்லை, விருப்பம் மாறவில்லை. ஏட்டில் தேவை எப்படி எழுதப்பட்டிருந்தது என்பது மட்டுமே மாறியது. சட்டத்தால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்த ஒரு வரி இருந்தவரை இருந்தது, அது மாறியதும் போய்விட்டது.

பராமரிப்பு இல்லத்துக்கு இதன் பொருள்

வீட்டில் நடந்ததை இல்லத்துக்குப் பொருத்தும்போது முதலில் எழும் கேள்வி, இல்லவாசிக்கு இந்த மனித உரிமைகள் உண்டா என்பதே. 2007-இல் பிரபுக்கள் அவை, ஒய்.எல். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இல்லை என்றது. பர்மிங்காம் உள்ளாட்சி மன்றமே பணம் கொடுத்து அவரைத் தனியார் இல்லத்தில் சேர்த்திருந்தபோதும், மனித உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தும் வகையிலான பொதுப்பணியை அந்த இல்லம் செய்வதாகாது என்பது பெரும்பான்மையின் முடிவு. அங்கும் மாறுபட்டவர்களுள் ஹேல் ஒருவர். பிங்காம் பிரபு மற்றவர். நாடாளுமன்றம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இதைத் திருத்தியது. பின்னர் 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. இன்று உள்ளாட்சி மன்றத்தின் ஏற்பாட்டில் அல்லது செலவில் இல்லத்தில் இருப்பவர்களுக்கு மனித உரிமைச் சட்டம் பொருந்தும். முழுக்கத் தம் கைப்பணத்தில் தாமே சேர்ந்து தங்கியிருப்பவர்களுக்கு அது நேரடியாகப் பொருந்துவதில்லை. ஒரே இல்லத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவருக்கு இந்த வேறுபாடு இருப்பது நியாயமாகப் படவில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை, இங்கிலாந்தின் பராமரிப்பு இடங்களை ஆய்வு செய்யும் தரக் கண்காணிப்பு ஆணையம் செயல்படுத்தும் 2014-ஆம் ஆண்டின் விதிமுறைகள். அவற்றின் 10-ஆம் விதி கண்ணியத்தையும் தனிமையையும் கட்டாயமாக்குகிறது. 13-ஆம் விதி இழிவுபடுத்தும் பராமரிப்பைத் தடைசெய்கிறது. அதற்கான வழிகாட்டுதல் வெறும் பொதுச்சொற்களோடு நிற்காமல் மிக வெளிப்படையாகப் பேசுகிறது: சிறுநீர், மலத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள உதவியும் சாதனங்களும் தராமல் இருப்பது இழிவுபடுத்துவதாகும், அழுக்கான விரிப்பில் நெடுநேரம் விடக் கூடாது, உதவிக்கு அழைக்க வழியில்லாமல் கழிவறையில் நெடுநேரம் அமரவைக்கக் கூடாது, ஆடையின்றியோ அரைகுறையாக மூடியோ விடக் கூடாது. பராமரிப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, நல்வாழ்வின் கூறுகளை வரிசைப்படுத்தும்போது கண்ணியத்தை முதலில் வைக்கிறது.

ஆனாலும் சட்டத்தின் கை இரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும் அறைவரை நீள்வதில்லை. அங்கே நடப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். மணி அடிக்கிறது. பணியில் இருப்பவர் வந்து பார்க்கிறார். எழுப்பி, நிற்கவைத்து, கமோடு நாற்காலியில் அமர்த்தி, முடியும்வரை காத்திருந்து, சுத்தம் செய்து, மீண்டும் படுக்கவைக்க நேரமாகும்; பலருக்கு இரண்டு பணியாளர்கள் வேண்டும். அடுத்த அறையிலும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. “டயப்பர் போட்டுத்தானே இருக்கிறது, அதிலேயே போய்விடுங்கள், காலையில் மாற்றிவிடுகிறேன்” என்ற வாக்கியம் அந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது. சொல்பவர் அன்பான குரலில்கூடச் சொல்லலாம். கேட்பவருக்கு, சிறு குழந்தையாக இருந்தபோது கற்று, எண்பது ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் காத்துவந்த ஒன்றைக் கைவிடும்படி சொல்லப்படுகிறது.

நம் பெரியவர்கள் “கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்” என்று சொல்லும்போது, அவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் சாவைக் காட்டிலும் இந்த நிலையைத்தான்.

உடலுக்கு வரும் கேடும் மெல்லத் தொடர்கிறது. ஈரத்தில் கிடக்கும் தோல் சிவந்து புண்ணாகிறது. அசையாமல் படுத்திருப்பவருக்கு அதுவே படுக்கைப் புண்ணுக்கு வழிவிடுகிறது. எழுந்து நிற்கும் பழக்கம் போனால் கால்களின் வலு குறைகிறது. இரவில் நனைந்துவிடுமோ என்று அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் பலர். அதன் விளைவாக மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம். அடக்கும் திறன் இருந்தவருக்கு அது பயன்படாமல் போய், சில மாதங்களில் உண்மையாகவே அடக்க முடியாதவராகிவிடுகிறார். அதன்பின் ஏட்டில் எழுதியதே உண்மையாகிவிடுவதால் யாரும் குறை சொல்ல முடியாது. இந்தச் சுழற்சியைத்தான் நான் மிகவும் அஞ்சத்தக்கதாகக் கருதுகிறேன்.

இதற்கு மாற்று உண்டு, அது பணம் மட்டும் சார்ந்ததும் அன்று. இல்லத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் மூன்று நாட்களுக்குச் சிறுநீர்க் குறிப்பேடு வைத்தால், எத்தனை முறை, எந்த நேரத்தில், தாமே உணர்ந்து சொன்னாரா, நனைந்த பிறகு தெரிந்ததா என்பது தெரிந்துவிடும். உணர்ந்து சொல்கிறவரை, அடக்க முடியாதவர்களின் பட்டியலில் சேர்க்கவே கூடாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் தருவதை மருத்துவரிடம் கேட்டு முற்பகலுக்கு மாற்றலாம். கால் வீக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் கால்களை உயர்த்தி ஓய்வெடுத்தால், அந்த நீர் படுக்கும் முன்பே வெளியேறிவிடும். இல்லையேல் படுத்த பிறகு அது சிறுநீராகி இரவெல்லாம் எழுப்பும். இவ்வளவைச் செய்தாலே மூன்று முறை எழுபவர் ஒருமுறையோ இருமுறையோ எழுபவராகக்கூடும்; இரவுப் பணியாளரின் சுமையும் குறையும்.

மறதி நோய் உள்ளவர் கேட்கமாட்டார், ஆனால் காட்டுவார். ஆடையைப் பற்றி இழுப்பதும், நிலைகொள்ளாமல் புரள்வதும், எழ முயல்வதும் பலமுறை கழிவறையைத் தேடும் அடையாளங்களே. அமெரிக்காவில் ஜான் ஷ்னெல் முதலானோர் முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வுகள், குறித்த இடைவெளியில் அருகில் சென்று, போக வேண்டுமா என்று கேட்டு, ஆம் என்றால் அழைத்துச் சென்று, வந்ததும் பாராட்டுவது என்ற எளிய முறையால் இல்லவாசிகளுள் ஒரு பகுதியினர் உலர்ந்தே இருக்க முடிவதைக் காட்டின. யாருக்கு இது பயன்படும் என்பதைச் சில நாட்கள் செய்து பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

எழுப்பி அமரவைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளும் கண்ணியத்துக்கு நிறைய இடம் உண்டு. கதவைத் தட்டி, பெயர் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகே போர்வையை விலக்க வேண்டும். கதவும் திரைச்சீலையும் மூடியிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே ஆடையை விலக்கும்போது மடிமீது ஒரு துண்டைப் போட்டுவிடலாம். பாதுகாப்புக்குக் குறையில்லை என்றால், அழைப்பு மணியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பது போதும். ஆனால் வெளியே நிற்பதாகச் சொன்னவர் வேறு அறைக்குப் போய்விடக் கூடாது. துடைத்துக்கொள்ள அவரால் முடியுமானால் காகிதத்தை அவர் கையில்தான் தர வேண்டும். நேரம் கூடுதலாகும் என்பது உண்மையே. முடிந்தபின் அவர் கையைக் கழுவ உதவுவது பெரும்பாலான இடங்களில் மறக்கப்படுகிறது. பணியாளர் தம் கையை மட்டும் கழுவிக்கொண்டு போய்விடுகிறார். ஆண் பணியாளரா பெண் பணியாளரா என்பதில் அவருக்கு விருப்பம் இருந்தால், சேர்ந்த நாளிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். நள்ளிரவில், அரைத்தூக்கத்தில், ஆடை விலக்கப்பட்டபின் கேட்கும் கேள்வி அதுவன்று. இரண்டு பணியாளர்கள் சேர்ந்து உதவும்போது, அவருக்கு மேலாகத் தங்கள் வீட்டுக் கதையைப் பேசிக்கொள்ளக் கூடாது.

பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் முன்னெடுத்த ஓர் இயக்கத்தின் கோரிக்கை இதையெல்லாம் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. வயதும் உடல்திறனும் எதுவாயினும், எந்தப் பராமரிப்பு இடமாயினும், கழிவறையைத் தனிமையில் பயன்படுத்துவதை ஒருவர் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். இதில் ‘தேர்ந்தெடுக்க’ என்பது முக்கியமானது. இரவெல்லாம் எழுப்பப்படுவதைக் காட்டிலும் டயப்பர் அணிந்து உறங்குவதையே விரும்பும் முதியவர்களும் உண்டு. அவர்களுக்கு அதுவே கண்ணியம். அதில் தவறேதும் இல்லை. மெக்டொனால்ட் விரும்பியது வேறு.

பணம் போதாதபோது

ஆண்டுக்கு 22,000 பவுண்டு என்பது சிறிய தொகையன்று. உள்ளாட்சி மன்றங்களின் நிதி அந்த ஆண்டுகளில் இறுகிக்கொண்டிருந்தது. இரவில் ஒரு மாடிக்கு ஒருவரை மட்டுமே நியமிக்க இயலும் இல்லங்கள் இங்கிலாந்தில் மட்டுமல்ல, எங்கும் உண்டு. பணமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த ஆய்வு விடை தராமல் நகர்ந்துவிடக் கூடாது.

என் விடை இது. உதவி தர இயலவில்லை என்றால், இயலவில்லை என்றே எழுத வேண்டும். ‘இவருக்கு இரவில் கமோடு நாற்காலிக்குச் செல்ல உதவி தேவை; பணியாளர் போதாமையால் இப்போது நிறைவேற்ற முடியவில்லை; அவருடைய சம்மதத்துடன், தற்காலிகமாக டயப்பர்’ என்ற குறிப்பும், ‘இரவில் டயப்பர் அணிபவர்’ என்ற குறிப்பும் அன்றிரவைப் பொறுத்தவரை ஒரே விளைவைத்தான் தரும். ஆனால் முதல் குறிப்பில் அவர் இன்னும் அடக்கத் தெரிந்தவராக, எழ விரும்புபவராக இருக்கிறார். பணியாளர் ஒருவர் கூடும் நாளில், யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு சொல்லும். குடும்பத்தினர் படித்தால் கேள்வி கேட்க அதில் இடமிருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி, நிறைவேறாத தேவைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடியும். நிதி கேட்பவர் அந்த எண்ணைச் சான்றாகக் காட்ட முடியும். இரண்டாவது குறிப்பில் குறை ஏதும் இல்லாததால் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. சம்மதம் என்பதும் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் கையெழுத்தாக இராமல், மாதத்துக்கு ஒருமுறையாவது மீண்டும் அவரிடமே கேட்கப்பட வேண்டும். மறுத்தால் மறுப்பையும் அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும்.

மெக்டொனால்டின் மறுஆய்வு ஆவணங்களில் அவருடைய எதிர்ப்பு பதிவாகியிருந்தது என்பதை உள்ளாட்சி மன்றத்துக்கு ஆதரவாகச் சொல்லியாக வேண்டும். இல்லங்களின் இரவுக் குறிப்பேடுகளில் அந்த அளவுகூட இருப்பதில்லை. ‘டயப்பர் மாற்றப்பட்டது, நன்றாக உறங்கினார்’ என்ற வரி நாள்தோறும் தொடர்கிறது. அன்றிரவு அவர் மணி அடித்தாரா, எத்தனை மணிக்கு, யார் வந்தார், என்ன கேட்டார், என்ன சொல்லப்பட்டது என்ற பகுதிகளை அந்தப் பக்கத்தில் சேர்ப்பதற்குச் செலவில்லை. அவற்றை வாரத்துக்கு ஒருமுறை பகல்நேரப் பொறுப்பாளர் படித்துப் பார்ப்பதற்கும் பெரிய செலவில்லை.

இந்த வழக்கைப் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்கொள்வோர், பங்கேற்பாளர்களின் இல்லங்களில் இப்போது இரவில் டயப்பர் அணிந்திருக்கும் ஒவ்வொருவரின் கோப்பையும் எடுத்து, அவர் இல்லத்தில் சேர்ந்த நாளில் அடக்கும் திறன் உள்ளவராகப் பதியப்பட்டிருந்தாரா, எந்தத் தேதியில் அது மாறியது, மாற்றியவர் யார், மாற்றும் முன் அவரிடம் கேட்டார்களா என்று தேடச் சொல்லலாம். தேதி கிடைக்காத கோப்புகளிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.